பட்டன் விழும் சத்தம்

நான் சோம்பேறி. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என் மாமியார் இருந்தவரை தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார், இனி நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் கூண்டில் எனக்கு வேலை. சாயங்காலம் போனால் கடைசி ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வீடு. ஆகவே காலைநேரம் என்பது பிறர் சொல்லி நான் கேள்விப்பட்ட ஒரு சமாச்சாரம். என் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் வேலை பார்ப்பவர். விடிந்ததும் தானே டீ போட்டுக் குடிப்பார், எனக்கு ஒரு டம்ளர் மூடி வைப்பார், பூனை மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். எங்கள் குடித்தனம் இத்தனை காலம் சண்டையில்லாமல் ஓடியதற்குக் காரணம் அவர் கதவைச் சாத்தும் விதம்தான்.

இப்படி ராஜபோகமாகப் போய்க்கொண்டிருந்த என் தூக்கத்தில் மண்ணை அள்ளிப் போட்டவள் பக்கத்து வீட்டுக்காரி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கட்டியவன் சிமெண்டை மிச்சம் பிடித்துத் தன் வீட்டுக்கு மாடி எடுத்திருப்பான். அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினால் இந்தப் பக்கம் 'நூறு வயசு' என்று சொல்லத் தோன்றும். என் கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டித்தான்.

அவர்கள் குடிவந்த மறுநாள், நான் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"ஆ..."

கொஞ்ச நேரம் கழித்து, தகரத்தில் ஏதோ விழும் சத்தம். டொக்.

"ஊ..."

டொக்.

"ஈ..." டொக். "ம்..." டொக். "ஷ்..." சத்தமில்லை. "ஸ்..." சத்தமில்லை. அவ்வளவுதான்.

மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே. எழுந்து சண்டைக்குப் போகலாமென்றால் அந்த வீட்டு வாசற்கதவுக்கு மேலே மரச்சிலுவை ஒன்று மாட்டியிருந்தது. சாமி விஷயமாக இருந்தால்? எந்தச் சாமி விஷயத்திலும் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. எங்கள் தியேட்டரில் பாப்கார்ன் விற்பவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, உங்கள்ல ஆ ஊ ஈன்னு ஒரு ஜெபம் உண்டா?"

அவர் பாப்கார்ன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எங்க சபையில இல்லக்கா. ஆனா சில சபையில ஆவியில நிறைஞ்சு அந்நிய பாஷை பேசுவாங்க. அதா இருக்கும்."

"நடுநடுவுல டொக்குன்னு தகரத்துல என்னமோ விழுதே?"

"காணிக்கை" என்றார் உடனே, சந்தேகமே இல்லாமல்.

சரிதான் என்று நம்பிவிட்டேன். ஒரு எழுத்துக்கு ஒரு காசு போட்டு ஜெபம் பண்ணுகிற பக்தியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஷ்ஷுக்கும் ஸ்ஸுக்கும் மட்டும் ஏன் காசு போடுவதில்லை என்று படுத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தேன். கையில் காசு தீர்ந்திருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "தூங்கு" என்றார். அவருக்கு வாயைத் திறப்பதென்றால் வரி கட்டுகிற மாதிரி.

ஜெபத்தை மன்னித்தேன். மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு வந்ததுதான். பொழுது முழுக்க அவள் பேசினாள். மூச்சு விடாமல் பேசினாள். "அம்மா வெங்காயம் உரிக்கிறேன். வெங்காயம். பாரு, வெங்காயத்துக்குத் தோல் இருக்கு. தோலை உரிக்கிறேன். அய்யோ, கண்ணு எரியுது. அம்மா கண்ணு எரியுது. இது என்ன? ... வெங்காயம்! ஆமா, வெங்காயம்!" ஒரு வெங்காயத்துக்கு இந்தப் பாடென்றால் ஒரு சமையலுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லும் குரல் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தேன். நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. அவிழ்ந்த கொண்டையோடு, வரிந்து கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கையில் சட்டையும் ஊசியுமாகத் திறந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். சாந்தமான முகம். சண்டைக்காரிக்கு முன்னால் இப்படி ஒரு முகம் வந்து நிற்பதே அநியாயம்.

"உங்க ஜெபத்தைப் பத்தி ஒண்ணு பேசணும்" என்றேன்.

"ஜெபமாக்கா?"

"அதாம்மா, காலங்காத்தால ஆ ஊன்னு அந்நிய பாஷை பேசிக் காணிக்கை போடுறீங்களே. சாமி கும்பிடுறதுல நான் குறுக்க நிக்கல. கொஞ்சம் வேற ரூமுல வச்சுக் கும்பிடக் கூடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், ஊசி குத்திவிடும் என்று நானே பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்து முடித்து அப்படியே என்னை உள்ளே இழுத்துப் போனாள்.

வீடு முழுக்கச் சட்டை. ஒரு ரெடிமேட் கம்பெனியிலிருந்து சட்டைகள் கட்டுக்கட்டாக வரும்; இவள் வீட்டிலிருந்தபடியே பட்டன் தைத்துக் கொடுப்பாள். அந்தச் சட்டைக் குவியலுக்கு நடுவே ஒரு பெண்குழந்தை உட்கார்ந்திருந்தது. பெரிய கண். இரண்டு காதுக்குப் பின்னாலும் அவரைக்கொட்டை அளவில் ஒரு மெஷின், அதிலிருந்து காதுக்குள் போகும் சின்னக் குழாய்.

"அக்கா, அது ஜெபம் இல்ல. பாப்பாவுக்குக் காது மெஷின் சரியா வேலை செய்யுதான்னு தினமும் பாக்கணும். பாருங்க" என்று உட்கார்ந்தாள். சட்டைக் காலருக்கு வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து, உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காமலிருக்க வாய்க்கு முன்னால் பிடித்தாள். பாப்பா ஒரு சட்டைப் பட்டனை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு காத்திருந்தது. "ஆ" என்றாள் அம்மா. பாப்பா பட்டனைத் தகர டப்பாவில் போட்டது. டொக். ஷ்ஷும் ஸ்ஸும் வந்தபோது பாப்பா அசையவில்லை. பட்டனைக் கன்னத்தில் வைத்தபடியே அம்மா எப்போது சத்தம் கொடுப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தங்கள் அதற்குள் போகவே இல்லை.

எனக்கு வந்த காரியமே மறந்துபோயிற்று.

"பொறந்ததுலேர்ந்தே கேக்கலக்கா. எங்களுக்குத் தெரியறதுக்குள்ள நாள் ஓடிடுச்சு. இப்பதான் மெஷின் வச்சிருக்கோம். பயிற்சி டீச்சர் என்ன சொன்னாங்கன்னா, ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வெளிய வரணும்னா, அதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான தடவை காதுக்குள்ள போகணுமாம். அதை வீட்டுல இருக்கிறவங்கதான் ஊத்தணுமாம்."

"ஊத்தினா வந்துடுமா?"

"அவங்களால உறுதியா சொல்ல முடியலக்கா. வயசு தாண்டத் தாண்டக் கஷ்டம்னாங்க. கையால பேசவும் கத்துக் குடுக்கத்தான் போறேன், அது ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா இந்தக் கதவு மூடறதுக்குள்ள முடிஞ்சதை ஊத்திடணும்." குரலைத் தாழ்த்தினாள், பாப்பாவுக்குக் கேட்டுவிடும் என்கிற மாதிரி. "ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டா போதும்க்கா."

நான் சண்டை போடாமல் திரும்பி வந்தேன். உடனே திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளும் அந்தக் குரல் கேட்டபோது தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டேன்தான்.

ஆனாலும் அந்த வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். மனுஷி ஒருத்தி இப்படியும் இருப்பாளா என்று மலைப்பாக இருக்கும். தையல் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நூலைப் பல்லால்தான் கடிப்பார்கள். இவள் கடிக்க மாட்டாள். இடுப்பில் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். வாய் பேச்சுக்கென்று ஒதுக்கியது, நூலுக்குக் கொடுக்க முடியாதாம். பட்டனை வைக்கும்போது பேச்சு, ஊசியில் நூல் கோக்கும்போது பேச்சு. கத்த மாட்டாள், குழந்தைக்குப் பக்கத்தில் குனிந்து சாதாரணமாகத்தான் பேசுவாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்பாள். "பாப்பா, இது என்ன?" கேட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கி, முகத்தை முன்னால் நீட்டிக் காத்திருப்பாள். உலகத்தில் அந்தப் பதிலைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை என்கிற மாதிரி ஒரு காத்திருப்பு. பதில் வராது. ஒருநாளும் வந்ததில்லை. இவளோ பதில் வந்துவிட்டது போலவே சந்தோஷமாக, "பட்டன்! ஆமா, பட்டன்!" என்பாள். எனக்கு யாராவது இரண்டு தடவை பதில் சொல்லாவிட்டால் மூன்றாவது தடவை அவர்கள் பரம்பரையையே இழுத்துவிடுவேன்.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். எப்போதாவது வருவார், வந்தால் தூங்குவார். ஒருநாள் அவர் அலுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "என்னம்மா இது, சுவத்துக்கிட்ட பேசற மாதிரி பேசிட்டே இருக்க."

அவள் சொன்னாள்: "சுவத்துக்கிட்ட பேசினாலே பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேக்குது. பாப்பாவுக்குக் கேக்காதா?"

நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவள் வீடு என்னவோ போட்டது போட்டபடிதான் கிடக்கும். பாத்திரம் குவிந்திருக்கும், ஜன்னல் கம்பியில் தூசி ஒரு விரல் கனத்துக்கு இருக்கும். ஒருநாள் அவள் சபையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பெண்கள் கூட்டத்துக்குத் தலைவியாம். வந்தவர் ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. "வாலிபப் பொம்பளை வீட்டை இப்படியா வச்சிருக்கிறது? சோம்பலுக்கு இடம் குடுக்கக் கூடாதும்மா. பிசாசு அது வழியாத்தான் வீட்டுக்குள்ள நுழைவான்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுவரில் ஓங்கித் தட்டினேன். "அம்மா! சோம்பேறியைத் தேடறீங்கன்னா இந்த வீட்டுக்கு வாங்க! நீங்க தப்பான கதவைத் தட்டிட்டீங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோவின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "தப்பா நினைக்காதீங்கம்மா. தூசியை அடுத்த வருஷமும் தொடைக்கலாம். பாப்பாவுக்கு இந்த வயசு அடுத்த வருஷம் இருக்காது."

வந்தவர் போகும்போது என் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்கட்டுமே.

ஆனால் என்னை நிஜமாகவே ஆட்டிவிட்டது வேறொன்று. வெளிச்சம் மங்குகிற நேரத்தில், நான் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருப்பேன், அவள் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவாள். இது நிஜமான ஜெபம். எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி சாதாரணமாகப் பேசுவாள். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், சுவரைக் கட்டியவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

"ஆண்டவரே, இன்னைக்கு நான் சோம்பலா இருந்துட்டேன். மத்தியானம் சட்டைக்கட்டைப் பிரிக்கும்போது வாயே தொறக்கல. அவ என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. முடியலன்னு சாக்கு சொல்ல மாட்டேன். முடிஞ்சது, செய்யல. மன்னிச்சிடுங்க. நாளைக்கு ரெண்டு மடங்கு பேசிடறேன். அவருக்கு ரோட்டுல துணையா இருங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்னால ரொம்பத் தொந்தரவு, அவங்களுக்கு நல்ல தூக்கத்தைக் குடுங்க. ஆனா என் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீங்க."

நான் சீப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். விடிந்ததிலிருந்து ஓய்வில்லாமல் பேசிக் கையும் ஓயாமல் தைத்தவள், ஒரு கட்டுச் சட்டை பிரிக்கிற நேரம் வாயை மூடியதற்கு மன்னிப்புக் கேட்கிறாள். இவள் சோம்பேறி என்றால் எனக்கு என்ன பெயர் வைப்பது? அதற்கு மொழியில் வார்த்தை இருக்கிறதா? அன்று தியேட்டரில் டிக்கெட்டை மாற்றிமாற்றிக் கொடுத்து நாலு பேரிடம் திட்டு வாங்கினேன். எனக்காகவும் ஒருத்தி ஜெபம் பண்ணுகிறாள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் போயின. பாப்பா வளர வளரக் காதும் வளர்கிறதல்லவா, மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சு சேராமல் போய்ப் புதிது செய்தார்கள். ஷ்ஷுக்குப் பட்டன் விழத் தொடங்கியது. ஸ் மட்டும் விழவில்லை. நான் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டே அதற்காகக் காத்திருக்கப் பழகிவிட்டேன். விழாவிட்டால் எனக்குப் பொழுதே ஓடாது. ஒருநாள் "ஸ்..." என்றாள். நான் மூச்சைப் பிடித்தேன்.

டொக்.

கனவா? மறுபடியும் "ஸ்..." டொக்! போர்வையை உதறிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் அந்த வீட்டுக்கு ஓடினேன். அவள் கதவைத் திறந்ததும் ஒன்றும் பேசாமல் கட்டிக்கொண்டாள். நான் காலையில் தானாக எழுந்து ஓடிய சேதியைக் கேட்டு என் வீட்டுக்காரர் அன்று இரண்டு வார்த்தை சேர்த்தாற்போல் பேசினார்: "நீயா? எழுந்தியா?"

கேட்கத்தான் தொடங்கியிருந்தது. பேச்சு வரவில்லை. பாப்பா ஏதோ சத்தங்கள் எழுப்பும், இழுக்கும், முனகும். வார்த்தையாக ஒன்றும் சேராது. ரேடியோ விடவில்லை. அவள் குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்துக்கொண்டு வந்தது. "தண்ணியாவது குடியேன்" என்பேன். "குடிக்கிறேங்க்கா" என்பாள், என்றவள் பாப்பா பக்கம் திரும்பி, "அம்மா தண்ணி குடிக்கிறேன். தண்ணி" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அப்புறம் ஒருநாள் எனக்கு விழிப்பு வந்தது. எதனால் விழித்தேன் என்று புரியவில்லை. சத்தம் கேட்டு அல்ல, சத்தமே இல்லாததால். மனசு என்னவோ செய்ய, எழுந்து போனேன். கதவு திறந்திருந்தது. அவள் காலர் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டைக்குப் பின்னால் வாய் திறந்து மூடுகிறது, காற்றுகூட வரவில்லை. எதிரே பாப்பா, கன்னத்தில் பட்டனோடு. கொஞ்ச நேரம் பார்த்த பாப்பா, காதிலிருந்த மெஷினைக் கழற்றி அம்மாவிடம் நீட்டியது. பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்று என்று.

அதைப் பார்த்து அவள் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பாப்பாவையும் தூக்கிக்கொண்டு அவளைத் தொண்டை டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் உள்ளே விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாண் புண்ணாகி வீங்கியிருக்கிறது என்றார். "நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. மீறினா குரல் திரும்ப வரும்னு நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு காலர் அட்டையை எடுத்துப் பென்சிலால் எழுதிக் காட்டினாள். 'பாப்பாவுக்கு இப்பதான் உள்ள போக ஆரம்பிச்சிருக்கு. நின்னுட்டா எல்லாம் போயிடும். நான் சும்மா உக்காந்திருக்கணுமா?' சத்தமில்லாமல் அழுதாள். அழுகிற சத்தம்கூடத் தொண்டைக்கு ஆகாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் பேசறேன்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது. என் வாய் எப்போதும் என்னைவிட நாலடி முன்னால் போகும்.

மறுநாள் காலையில் போய் உட்கார்ந்தேன். பேச்சு எனக்குப் புதிதா? சும்மாவே ஊரைக் கூட்டுகிறவள். "பாப்பா, இது சட்டை. அது... அதுவும் சட்டை. இதோ, இன்னொரு சட்டை. அய்யய்யோ, இந்த வீட்டுல சட்டையத் தவிர வேற ஒண்ணுமே இல்லையா?" அவள் குலுங்கிக் குலுங்கி, சத்தமில்லாமல் சிரித்தாள். அப்புறம் இடுப்புக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டி நீட்டிக் காட்ட ஆரம்பித்தாள். ஜன்னலைக் காட்டினால் நான் ஜன்னல் என்று சொல்ல வேண்டும். காக்கா வந்தால் காக்கா. பாப்பா தும்மினால் தும்மல். நான் கொஞ்சம் அசந்தால் கத்தரிக்கோல் தரையில் டக் டக் என்று தட்டும். ஸ்கூல் வாத்தியார்கூட என்னை இந்தப் பாடு படுத்தியதில்லை.

உச்சிப்பொழுது வருவதற்குள் நான் தீர்ந்துபோனேன். நாக்கு வறண்டது, தாடை வலித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கிக் காத்திருக்கிறோமே, பதில் வராமல் போகிறதே, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் உள்ளே என்னவோ ஒன்று சரிந்து விழுகிறது. அதை எடுத்து நிறுத்திவிட்டு, முகத்தில் சிரிப்பைக் கொண்டுவந்து, அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். எனக்கு ஒரு காலைக்கே இது. இவள் எத்தனை காலைகள் செய்திருக்கிறாள்! கடவுளே, இவளை எதில் செய்தாய்? நான் சுவரில் சாய்ந்து அவளையே பார்த்தேன். அவள் தலை குனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் கத்தரிக்கோலால் தட்டி, 'அதையும் பாப்பாவுக்குச் சொல்லுங்க' என்று ஜாடை காட்டுவாள்.

நாள்தோறும் போனேன். காலைச் சோதனையையும் நானே செய்தேன். பாப்பா என் சத்தத்துக்குப் பட்டன் போடும், ஆனால் கண் என் பக்கம் இருக்காது. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, இந்தப் பெரியம்மா குரல் கேட்கிறது, அம்மா குரல் மட்டும் எங்கே போயிற்று என்று அந்தச் சின்ன மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ஒருநாள் நான் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் தியேட்டரில் புதுப்படம், கூட்டம் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று புரண்டுகொண்டிருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"ஆ..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் அவ்வளவு சொல்லியும் வாயைத் திறந்துவிட்டாளே, பாவி! இவளுடைய சுறுசுறுப்பில் இடி விழ! இன்றைக்கு இவளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று காலைக் கீழே வைத்தேன்.

டொக்.

"ஊ..."

வைத்த கால் நின்றுவிட்டது. அது அவள் குரல் இல்லை. தடித்து, உருண்டு, மூக்கால் கொஞ்சமும் தொண்டையால் கொஞ்சமுமாக வந்த ஒரு சின்னக் குரல்.

டொக்.

"ஈ..." டொக். "ம்..." டொக். ஷ் கிட்டத்தட்ட ஷ்ஷாகவே வந்தது. டொக். ஸ் வரவில்லை, விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி ஒரு காற்று வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அதற்கும் விழுந்தது. டொக்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

"ம்மா."

சுவரில் கையை வைத்துக்கொண்டேன்.

"அம்...மா."

அந்தப் பக்கம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? வாயைத் திறக்கக் கூடாது. இத்தனை காலம் எந்த ஒரு வார்த்தைக்காகத் தொண்டை கிழியப் பேசினாளோ, அது வந்து எதிரே நிற்கிறது, 'என்னம்மா' என்று கேட்கக் குரல் இல்லை.

டொக்.

பட்டனால் பதில் சொன்னாள். "அம்மா." டொக். "அம்மா." டொக். பாப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, பட்டன் விழுந்துகொண்டே இருந்தது.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. கதவருகில் நின்று பார்த்தேன். பாப்பா சம்மணமிட்டு உட்கார்ந்து, காலர் அட்டையை வாய்க்கு முன்னால் பிடித்திருந்தது. கூப்பிட்டுவிட்டு அட்டையை இறக்கும், புருவத்தைத் தூக்கும், முகத்தை முன்னால் நீட்டிக் காத்திருக்கும். அப்படியே அம்மாவின் காத்திருப்பு, அச்சு மாறாமல். அம்மாவுக்குத்தான் காது கேட்காமல் போயிற்று என்று நினைத்துச் சோதிக்கிறது. எதிரே அவள், கன்னத்தில் பட்டனோடு, கண்ணீர் முகவாய்க்கட்டையில் சொட்ட, ஒவ்வொரு தடவையும் பட்டனை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. டாக்டர் சொல்லை அந்த நேரத்திலும் காப்பாற்றினாள். நாளைக்குப் பாப்பாவோடு பேசக் குரல் வேண்டுமே.

என்னைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தன் கண்ணைக் காட்டினாள், பாப்பாவைக் காட்டினாள், பிறகு தரையில் டக் டக் என்று தட்டினாள். சும்மா நிக்காதீங்க, சொல்லுங்க.

"பாப்பா" என்றேன். "அம்மா அழறாங்க. இது கண்ணீர். கண்ணீர். சந்தோஷம் வந்தாலும் கண்ணீர் வரும்."

கத்தரிக்கோல் என் பக்கம் திரும்பி என் முகத்தைக் காட்டியது.

"ஆமா. பெரியம்மாவும்தான் அழறேன்."

பாப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பட்டனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது. அப்புறம் போய் உட்கார்ந்து, அட்டையைத் தூக்கி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டது. நான் தரையில் உட்கார்ந்து, பட்டனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.